இரண்டாவது பொட்டலம்

என் பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்பர்களே, வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்களில் பலருக்கு என் மகன் செந்திலைத் தெரியும். ஜால்ரா போடுகிறேன் என்று வந்து தாளத்தைக் கெடுக்கிறவன் அவன்தான். அவன் தலையில் இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. அது என்னவென்று கேட்டவர்களிடமெல்லாம் சின்ன வயதில் விழுந்துவிட்டான் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதாகச் சொல்ல இத்தனை நாளும் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு நன்றி சொல்ல முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வங்காளத்தில், அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸ் உத்தியோகம். பவானிப்பூரில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் இரண்டு அறை எடுத்து நானும் என் மனைவி கோமதியும் இருந்தோம். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்தான். பிறப்பதற்கு முன்பே திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை தங்கினால் முதல் முடி செந்தூரில்தான் இறக்குவேன், அதுவரை அவன் தலையில் கத்தி படாது என்று. பெயரும் செந்தில் என்றே வைத்தோம்.

கீலக வருஷம், ஐப்பசி சஷ்டி விரதத்தின் கடைசி நாள் காலை. பிள்ளைக்குப் பத்தாவது மாதம். கோமதி கீழே குழாயடிக்குப் போகும்போது, "பிள்ளையப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். நம் ஊர்ப் பக்கத்தில் பாயில் கிடக்கிற பிள்ளை எங்கே விழப்போகிறது? வங்காளத்துக் கட்டில் இடுப்பளவு உயரம். வீட்டுக்காரர்கள் அன்பாகக் கொடுத்த கட்டில். நான் பூஜையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆறு நாள் பட்டினியில் மனசு நன்றாகக் குவிந்திருந்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினால், பிள்ளை தகரப்பெட்டியின் முனையில் தலை மோதிக் கீழே கிடக்கிறான்.

கோமதி ஓடி வந்தாள். என்னைத் திட்டவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தெருமுனை டாக்டர் வந்து ஐஸ் வைத்தார். வீக்கம் வடிந்தது. பிள்ளை பால் குடித்தான், சிரித்தான். கண்டம் கழிந்தது என்று நான் சூடம் ஏற்றினேன். ஒன்பதாம் நாள் அவனுடைய வலது கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. குடித்த பாலைக் கக்கினான். பிறகு அந்தக் கை அசையாமலே கிடந்தது. எப்போது பார்த்தாலும் தூக்கம். கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பெரிய டாக்டராக இருந்த வெள்ளைக்காரத் துரை, பிள்ளையின் தலையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். கூட இருந்த வங்காளி டாக்டரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டர் பாபுதான் எனக்கு விளக்கினார்.

"மண்டையோடு உள்பக்கமாக அமுங்கி மூளையை அழுத்துகிறது. பக்கத்தில் ஒரு துளை போட்டு, அமுங்கிய எலும்பை நெம்பித் தூக்க வேண்டும். புதன்கிழமை காலையில் துரை செய்வார்."

பிழைப்பானா என்று கேட்டேன்.

"செய்யாவிட்டால் பிழைக்க மாட்டான். செய்தால், என்னால் சொல்ல முடியாது. மயக்கமருந்தையே சில குழந்தைகள் தாங்குவதில்லை. நாளைக்குள் முடிவு சொல்லுங்கள். கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும்."

ஆபீசில் நாள் முழுதும் கையெழுத்துப் போட்டே பிழைக்கிறவன் நான். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் கை மரத்துவிட்டது. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எதையும் மேலிடத்தில் கேட்டுச் செய்துதான் பழக்கம். உத்தரவு இல்லாமல் ஒரு காகிதத்தையும் நகர்த்த மாட்டேன். ஆபீசில் இதற்காக எனக்கு நல்ல பெயர். செந்தூரானையும் அந்த மேலதிகாரிகள் வரிசையில்தான், எல்லோருக்கும் மேலே, உட்கார வைத்திருந்தேன். அவனுக்கென்று நேர்ந்த தலை. அவனைக் கேட்காமல் அதில் இன்னொருவன் கத்தி வைக்கலாமா? வைத்து ஏதாவது ஆகிவிட்டால்?

திரும்பி வரும்போது குதிரை வண்டியில் கோமதி கேட்டாள். "என்ன செய்யப் போறீய?"

"சாமிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலைக்குக் கீழே கையை மெத்தையாகக் கொடுத்துக்கொண்டாள்.

பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிற வழக்கம் உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, வெளியே தெரியாமல் இலையில் மடித்து நூலால் கட்டிச் சாமி முன்னால் போடுவோம். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். குளித்துவிட்டு வந்து பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்கள் வேலை.

திங்கட்கிழமை காலை கோமதி குளித்து ஈரத்தலையோடு கீழே போனாள். வீட்டுக்கார அம்மாளை நாங்கள் மாசிமா என்று கூப்பிடுவோம். தினமும் காளிக்கென்று செம்பருத்தி பறிப்பவர். அவரிடம் ஒரு செம்பருத்தியும், சுவரோரச் செடியிலிருந்து நந்தியாவட்டையும் வாங்கி வந்தாள். இரண்டு நிறமும் தட்டில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவள் அடுக்களையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். நான் விளக்கேற்றினேன்.

எடுப்பதற்கு வேறு குழந்தை தேடிப் போக எனக்குத் தெம்பில்லை. அவன் தலை, அவனே எடுக்கட்டும் என்று பிள்ளையை அவள் மடியில் உட்கார்த்தி வைத்து, பொட்டலம் இரண்டையும் எதிரே வைத்தோம்.

"செந்தூரானே, இந்தத் தலையில் கத்தி படலாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்" என்று கேட்டேன். அன்று கண்ணை மூடவில்லை.

பிள்ளை வெகுநேரம் சும்மா இருந்தான். வலது கை தொங்கிக் கிடந்தது. பிறகு இடது கை மெல்ல நீண்டது. சாமி காரியத்துக்கு இடது கையா என்று நினைத்தேன். அவன் ஒரு பொட்டலத்தைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். நான் பிடுங்கிப் பிரித்தேன். வெள்ளை.

நான் அழுதுவிட்டேன். "பாத்தியா கோமதி, உத்தரவு வந்துட்டு!"

"வந்துட்டுல்லா. கெளம்புங்க. போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வாங்க" என்றாள். மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து மாடத்தில் ஒதுக்கி வைத்தாள். பிறகு தண்ணீரில் விடத்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை நகம்கூட வெட்ட மாட்டோம். அன்று தலையை மழிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாசிமா வீட்டு நாவிதர் வந்தார். நான் பிள்ளையின் தாடையைப் பிடித்துக்கொண்டேன். கோமதி மஞ்சள் துணியை விரித்து, ஒரு முடிகூடத் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டாள். அதைச் செந்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. கொண்டுபோக அப்போது பிள்ளை இருப்பானா என்று இருவருமே பேசவில்லை. முடி போகப் போக அந்தப் பள்ளம் தெரிந்தது. பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினாற்போல இருந்தது. நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாசிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆஹா, கோகா ரே" என்று தன் பாஷையில் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிட்டு அழுதார். அந்தப் பள்ளத்தை உண்டாக்கினவன் நான். எல்லோர் முன்னாலும் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோப்புப் போட்டுத் தலையைக் கழுவி, கார்பாலிக் மருந்தில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டார்கள். அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விடிந்த பிறகு பால் கொடுக்கக் கூடாது, வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் கக்கிப் புரையேறிவிடும் என்றார்கள்.

அன்பர்களே, மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்தக் காலை நேரத்தைத் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் தூங்கிக்கொண்டே இருந்த பிள்ளை அன்று பார்த்துப் பசித்து அழுதான். கோமதி பக்கத்தில் இருந்தால் பால் வாசனைக்கு முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். அதனால் அவளை வராந்தாவுக்குப் போகச் சொன்னார்கள். பிள்ளை என் தோளில் அழ, அவள் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றாள். வெளியே எட்டிப் பார்த்தேன். அவள் மார்பில் சேலை முழுக்க நனைந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் சட்டையைச் சப்பிச் சப்பி ஒன்றும் வராமல் பிள்ளை தொண்டை கட்டும்வரை அழுதான். என்னால் செய்ய முடிந்தது எதுவுமே இல்லை. முருகா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. இத்தனை வருஷம் மனப்பாடம் செய்த பாட்டெல்லாம் எங்கே போயிற்றோ!

ஒரு வெள்ளைக்கார நர்ஸ் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். கோமதி ஓடி வந்து பிள்ளையின் பாதத்தை மட்டும் தொட்டாள். கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் மருந்து வாடை வந்தது. அழுகை குறைந்து குறைந்து நின்றுவிட்டது. அது நின்றபோது என் உயிரும் நின்றது.

வராந்தாவில் நின்றிருந்த நேரம் முழுதும் நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். "பயப்படாத. அவன் உத்தரவு குடுத்திருக்காம்லா. அவன் சொல்லித்தான செய்யுதோம். எது நடந்தாலும் அவன் பொறுப்பு."

நான் சொல்லும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் விடாமல் சொன்னேன். அதைச் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகியது.

கதவு திறந்தது. டாக்டர் பாபு வெளியே வந்தார். "எலும்பைத் தூக்கியாகிவிட்டது. உயிர் இருக்கிறது. இன்னும் மூன்று நாள் போக வேண்டும்" என்றார்.

அந்த மூன்று நாளும் காய்ச்சல். தலை முழுக்கக் கட்டு. பால் கொடுக்கலாம் என்றார்கள், அவனுக்குக் குடிக்கத் தெம்பில்லை. கோமதி பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மூன்றாம் நாள் காலை நான் குனிந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்திலிருந்த ருத்திராட்சத்தை யாரோ இழுத்தார்கள். பார்த்தால், அவனுடைய வலது கை. செத்த மாதிரிக் கிடந்த அதே வலது கை, இறுகப் பிடித்திருந்தது. நான் அப்படியே குனிந்தபடி இருந்தேன். நிமிர்ந்தால் விட்டுவிடுவானோ என்று பயம். கோமதி பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நாளும் அழாதவள், வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

கார்த்திகை பிறந்து சில நாளில் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பூஜை மாடத்தைத் துடைக்கலாம் என்று நான் திருநீறு வைக்கிற மரவையை நகர்த்தினேன். பின்னால் அந்தப் பொட்டலம் இருந்தது. பிள்ளை எடுக்காத இரண்டாவது பொட்டலம். அவசரத்தில் தண்ணீரில் விட மறந்துவிட்டோம். காளிகாட்டு ஓடையில் விட்டுவிட்டு வரலாம் என்று எடுத்தேன். இலை காய்ந்து மொரமொரவென்று இருந்தது. கையில் எடுத்ததுமே நொறுங்கிப் பூ உள்ளங்கையில் விழுந்தது. வாடிப் பழுப்பேறிய நந்தியாவட்டை. செம்பருத்தியின் சுவடே இல்லை.

அடுக்களைக்குப் போய்க் கையை நீட்டினேன். "கோமதி, இது என்னது?"

அவள் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கரண்டியை அவன் வாயில் வைத்தாள். "பாத்துட்டீயளா."

"ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஆமா. செவப்ப அடுப்புல போட்டுட்டேன்."

"சாமிகிட்டயே இப்படிச் செய்யலாமா? நான் அவன்கிட்டல்லா கேட்டேன்!"

"நீங்க கேட்டீய. நான் கேக்கல. கேக்கதுக்கு என்ன இருந்துது? செய்யலன்னா பிள்ள பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. செவப்பு வந்திருந்தா நீங்க பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீய. அவன் செத்தாலும் சாமி சொல்லிட்டான்னு இருப்பீய. என்னால இருக்க முடியுமா?"

பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு அவளே மேலும் சொன்னாள். "அன்னிக்கு வராந்தாவுல நின்னுக்கிட்டு உத்தரவு குடுத்திருக்கான் குடுத்திருக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்தீயளே. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஈரக்கொல அறுந்துது. ஒருத்தரும் உத்தரவு குடுக்கல, நாந்தான் குடுத்தேன்னு எனக்குத்தான தெரியும். பிள்ள போயிருந்தா, நாந்தான கொன்னேன்?"

அன்பர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் கதியற்று நின்றது நான் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சாய்ந்துகொள்ள ஒரு வெள்ளைப் பூ இருந்தது. அவளுக்கு அதுகூட இல்லை. நான் கண்ணை மூடியதால் வந்த வினை, அதற்கு நான் பொறுப்பெடுக்கப் பயந்து சாமி தலையில் போட்டேன். அவள் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், நனைந்த சேலையோடு சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள். நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை விழுந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு.

அப்படியானால் செந்தூரான் உனக்கு என்ன பதில் சொன்னான், பொட்டலம் கட்டினது உன் பெண்டாட்டிதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். பதில் சொன்னான் என்றுதான் நம்புகிறேன். நான் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். எனக்குச் சொன்னால் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்வேன் என்று தெரிந்து, கேட்டதும் செய்கிற ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறான்.

பிள்ளைக்கு மறுபடி முடி வளர்ந்ததும் கப்பலும் ரயிலும் வண்டியுமாகச் செந்தூர் போனோம். முதல் முடியை மஞ்சள் துணியோடு செலுத்தினோம். இரண்டாவது முடியை அங்கேயே இறக்கினோம். நாவிதரின் கத்தி அந்தத் தழும்பைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு கோமதி, நான் எடுத்து வைத்திருந்து சட்டைப்பையில் கொண்டுவந்த அந்தக் காய்ந்த பூவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இத நாந்தான் போடணும்" என்று கடலில் முழங்காலளவு இறங்கி அதை அலையில் விட்டாள். வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "மன்னிப்பா கேட்ட?"

"அதும் கேட்டேன். பெறகு, நான் ஒண்ணுல செவப்ப வச்சிருந்தாலும் நீ வெள்ளையத்தான் எடுத்துக் குடுத்திருப்ப, அது எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

அந்த நம்பிக்கை அன்று என்னிடம் இல்லை. ஆறு நாள் பட்டினி கிடந்தும் இல்லை. இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. பூக்கட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கும்பிடும்போது கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன், எதிரே வேலும் தெரிய வேண்டும், பக்கத்தில் பிள்ளையும் தெரிய வேண்டும். உங்கள் வீட்டிலும் இன்று யாருக்காவது முடியாமல் இருக்கலாம். அவனை நம்பி டாக்டரிடம் போங்கள், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். நம்மேல் அவனுக்கு இருக்கிற இரக்கத்தைப் பொட்டலம் கட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை செந்திலின் தாளம் தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜால்ராவை அவன் வலது கையால் போடுகிறான்.